பிலோமினா கேட்ட அரைப்பேர்

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினைந்து வருஷம் ரப்பர் பால் வெட்டிய பிலோமினா, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டு விமான நிலையம் வந்திருந்தாள். எங்கோ எரிமலை வெடித்து வானமெல்லாம் சாம்பல் மேகமாம், விமானம் ரத்து.

“அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? வீட்டுக்குப் போங்க, கூப்பிடுறோம்” என்றார் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்.

கூட வந்த பெண்கள் பைகளைத் தூக்கினார்கள். பிலோமினா தன் பெட்டிமேல் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

“காலையில பேர் பதியிற பெரட்டுக்கு வந்து நின்னபிறகு மழை பிடிச்சு பால் வெட்ட முடியலைன்னா, தோட்டத்துல அரைப்பேர் போட்டு பாதிச் சம்பளம் கொடுப்பாங்க. மழையை என்ன, துரையா பெய்ய வைக்கிறாரு? நாங்க நேரத்துக்கு வந்துட்டோம். பிளேன் போற வரைக்கும் சாப்பாடும் தங்க இடமும் கொடுங்க.”

“இது தோட்டமில்லம்மா!”

“தெரியுதுங்க. அங்க கேக்காமலே கொடுப்பாங்க.”