பதினான்காம் தேதி பேப்பர்

பழைய பத்திரிகைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் தூசி தின்றவளுக்குப் பல்கலைக்கழக நூலகம் கொடுத்த பட்டம் ‘பைண்டிங் அக்கா’. வந்து மூன்று வருடம்கூட ஆகாத புது நூலகருக்குக் கிடைத்ததோ ‘ஆய்வுப் பங்காளி’. வதந்தி பரப்பி ஊரை இரண்டாக்கும் கும்பல்களை ஆராய்கிற பேராசிரியர், தன் கட்டுரையில் அவள் பெயரையும் போடப்போகிறாராம். கேட்ட நாளிலிருந்து அக்காவுக்கு வயிறு எரிந்தது. கம்ப்யூட்டரில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைப்பவளுக்கு வந்த வாழ்வைப் பார்!

திங்கட்கிழமை அந்தப் புது நூலகர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பழைய செய்தித்தாள் துணுக்கு ஊரெல்லாம் கைபேசியில் சுற்றியது. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் இருபது வருடத்துக்கு முன்பே குடிநீரில் விஷம் கலந்தார்களாம்.

“துணுக்குல போட்டிருக்கிற பதினாலாம் தேதி பேப்பர் ஸ்கேன்ல இல்லக்கா. உண்மையா பொய்யான்னே சொல்ல முடியல.”

“அப்படியா? பாவம்” என்றாள் அக்கா.

அவளுக்குத் தெரியும். அந்த மாதம் அச்சகத்தில் வேலைநிறுத்தம். பத்து நாள் பேப்பரே வரவில்லை. பைண்டு செய்த தொகுப்பில் ‘இதழ் வெளிவரவில்லை’ என்று சீட்டு ஒட்டியவளே அவள்தான். வராத பேப்பரில் செய்தி எப்படி வரும்? மூக்குடைபடட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். அக்கரைக்காரர். ஒரு கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. மறு கையால் கேனை உருட்டிக்கொண்டு வந்தார்.

“என்னண்ணே ஆச்சு?”

“புதன்கிழமை நாலு பேர் மறிச்சாங்கம்மா. கேன்ல என்னடா கலந்திருக்கேன்னு கேட்டுக் கேட்டே அடிச்சாங்க.”

அக்கா ஓடிப்போய்த் தொகுப்பைத் தூக்கிவந்து புது நூலகரின் மேசையில் போட்டுச் சீட்டைக் காட்டினாள்.

“அய்யோ அக்கா! இது போதும். துணுக்கு போலின்னு இன்னைக்கே அறிவிச்சிடலாம். கட்டுரையில உங்க பேரும் வரணும், இதை எழுதுங்க.”

நீட்டியது ஆய்வுப் பதிவேடு. ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் அக்கா தன் பெயரை எழுதினாள். அடுத்த கட்டம், ‘கண்டறிந்த நாள்’. இன்றைய தேதியைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தேதியைத் தப்பாக எழுதிப் பழகாத கை. திங்கட்கிழமையின் தேதியை எழுதியது.

“திங்கக்கிழமையே தெரியுமா?”

“தெரியும். உனக்குப் பேர் வந்துடக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டேன்.”

புது நூலகர் பேனாவை வாங்கி மூடினாள்.

“அதை என்கிட்ட சொல்லாதீங்க. அவர்கிட்ட சொல்லுங்க.”

வாசலில் அவர் காலிக் கேனை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டிருந்தார்.