மாமாவுக்குப் பதிலாக நான் கொடுத்த குரல்

"பேச்சு வருதே, அப்புறம் குரல் எங்க போச்சு?" ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர் கேட்ட இந்தக் கேள்வி இத்தனை வருஷம் கழித்தும் என் காதருகே கொசுவாகச் சுற்றுகிறது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இங்கே இருந்திருந்தால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இன்னொரு முறை நேரே போயிருப்பேன்.

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். தங்கச் சுரங்கம் இருக்கும் மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிதில் என்னை இங்கே இழுத்துக்கொண்டு வந்து, தன் கூட்டத்திலேயே சேர்த்துவிட்டவர். சுரங்கத்துக்குள் நாங்கள் மூன்று பேர் ஒரு கூட்டம். ஜம்பர் என்று சொல்லும் இரும்புக் கம்பியைப் பாறையில் நட்டுப் பிடித்துக்கொள்வது மாமாவின் வேலை. நானும் இன்னொரு ஆளும் மாறி மாறிச் சம்மட்டி போடுவோம். துளை ஆழமானதும் மருந்து வைத்து வெடிப்பார்கள்.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மாமா கம்பியைக் கால் சுற்று திருப்புவார். திருப்பி, இறுக்கிப் பிடித்து, "போடு" என்பார். அதற்கப்புறம்தான் அடுத்த சம்மட்டி இறங்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில், தூசியில், சம்மட்டிக்காரனுக்குக் கை எது கம்பி எது என்று தெரியாது. கம்பியின் தலை மட்டும் ஒரு புள்ளியாக மினுங்கும். கை பத்திரமாக இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்வது அந்தக் குரல் ஒன்றுதான். "போடு" வராவிட்டால் சம்மட்டி தோளிலேயே நிற்கும். எந்தத் துரையும் எழுதி வைத்த சட்டமில்லை இது. எங்கள் ஆட்கள் விரல்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

மாமாவின் குரலைப் பற்றி எங்கள் கூலி வீட்டு வரிசையான லைனில் பேசாத வாய் கிடையாது. "அவரு கூப்பிட்டா சுரங்கத்துல ஆள எறக்குற கேஜ் கூட நின்னு இன்னான்னு கேக்கும்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில் லைனின் ஒரு கோடியில் ஜெபமும் மறு கோடியில் பஜனையும் நடக்கும். இரண்டு பக்கத்துக்காரர்களும் மாமாவைக் கையைப் பிடித்து இழுப்பார்கள். "எங்க பாட்டு எங்க சாமிக்கே கேக்குதோ இல்லியோ, இவரு கத்தினா ரெண்டு சாமிக்கும் கேக்கும்" என்று ஜெபக்காரக் கிழவி ஒருத்தி சொல்லிச் சிரிப்பாள். மாமா இரண்டு பக்கமும் பாடிவிட்டு இரண்டு பக்கமும் சுண்டல் வாங்கிக்கொண்டு வருவார்.

ஒரு மழை மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது. இரண்டும் போன பிறகு பார்த்தால் குரலும் கூடவே போயிருந்தது. வாய் அசைகிறது, சொல் வருகிறது, ஆனால் வெறும் காற்றில் வருகிறது. ஒரு வாரத்தில் சரியாகும் என்றார்கள். ஒரு மாதமானது. "வூட்டுக்குள்ள திருடன் பூந்து ரகசியம் பேசுறா மாதிரி இருக்குதுடா" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் சிரிக்காமல் இன்னொன்று சொன்னாள். "தண்ணி குடிச்சா பொறை ஏறுது. குடத்தத் தூக்க மூச்சு நிக்க மாட்டேங்குது. இருமலப் பாரு, வெடிக்காத பட்டாசு மாதிரி புஸ்ஸுன்னு போவுது." ஆஸ்பத்திரியில் யாரும் கண்டுபிடிக்காததை அவள் அடுப்பங்கரையில் நின்று கண்டுபிடித்திருந்தாள். அது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குரல் இல்லாதவர் கம்பி பிடிக்க முடியாது. மேஸ்திரியிடம் போனேன். மேலே மெழுகுவத்தி கொடுக்கும் அறையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி, "குரல் நெசமாலும் போயிடிச்சின்னு ஆஸ்பத்திரிச் சீட்டு கொண்டா, மேல போடுறேன். சீட்டு இல்லன்னா திங்கக்கிழமை கீழ எறங்கணும். எறங்கலன்னா லைன் வூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க, என்னக் கேக்காத" என்றார். ஆக எல்லாம் அந்தச் சீட்டில் வந்து நின்றது. அக்காவின் கூரை, மாமாவின் கை, எல்லாம்.

டிரஸ்ஸர் மாமாவின் நாக்கைக் கரண்டியால் அழுத்திப் பார்த்தார். இருமு என்றார். மாமா புஸ்ஸென்று இருமினார். பேர் என்ன என்றார். மாமா காற்றில் பேரைச் சொன்னார்.

"அதான் சொல்லிட்டியே! நாக்கு பொரளுது, ஒதடு அசையுது, இருமல் வருது. பேச்சு வருதே, அப்புறம் குரல் எங்க போச்சு? மேல் வேலைக்கு ஆசப்பட்டா இப்டித்தான் அடைச்சிக்கும்."

நான் வாயைத் திறந்தேன். "நீ யாரு, அவருக்கு வக்கீலா?" என்றார். பின்னால் நின்ற வரிசை சிரித்தது. புத்தகத்தில் ஏதோ எழுதினார். மேஸ்திரி பிற்பாடு படித்துக் காட்டினார். நடிப்பு என்று எழுதியிருந்தது. துரை டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவரிடம் எங்களை அனுப்பவே இல்லை.

இனி என் பங்கு. இதைச் சொல்லும்போது என் மேலேயே எனக்கு வரும் கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

திங்கட்கிழமை காலை சுரங்கக் குழியின் ஷாஃப்ட் வாசலில் பேர் கூப்பிட்டார்கள். மேஸ்திரி தலை நிமிர மாட்டார். காதில் பதில் விழுந்தால் கோடு போடுவார், விழாவிட்டால் ஆள் இல்லை. மாமாவுக்கு "இருக்கேஏன்" என்று கடைசியை இழுத்துச் சொல்லும் வழக்கம். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அப்படியே இழுத்தேன். கோடு விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "அசல் மாமனேதான்பா!" என்றான் எங்கள் கூட்டத்து மூன்றாம் ஆள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு குடும்பத்தின் கூரையைத் தொண்டையால் தாங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

கீழே போனதும் அதே சாமர்த்தியத்தைக் காட்டினேன். "மாமா, நீங்க திருப்புங்க, புடிங்க. போடு நான் சொல்லிக்கிறேன்" என்றேன். மாமாவுக்கும் வேறு வழி ஏது? தலையை ஆட்டினார்.

முதல் துளை நன்றாகவே போனது. திருப்பும் நேரம் எனக்குப் பழக்கம்தானே, அந்தத் தாளத்தில் "போடு" சொன்னேன், மாமாவின் குரலிலேயே சொன்னேன். இரண்டாவது துளையில் கம்பி பாறையில் சிக்கியது. அதை அசைத்து எடுக்க மாமா கையை மேலே ஏற்றிப் பிடித்திருக்கிறார். "நில்லு" என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இரைச்சலில் காற்று எங்கே கேட்கும்? என் தாளம் நிற்கவில்லை. "போடு" என்றேன். அது என் முறை. என் சம்மட்டி.

அவர் அலறவில்லை. அலறுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வாய் அகலத் திறந்தது, உள்ளிருந்து காற்று மட்டும் வந்தது. அதனால் தாளத்திலேயே என் வாய் இன்னொரு "போடு" சொல்லிவிட்டது, அடுத்த சம்மட்டியும் இறங்கப் போனது. நான் பாய்ந்து அந்த ஆளின் கையைப் பிடித்தேன்.

வலது கையின் மூன்று விரல்களை எடுத்தார்கள். கட்டுப் போட்ட அதே டிரஸ்ஸர் அப்போதும் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. "கத்த வேண்டியதுதானே? கத்தியிருந்தா நிறுத்தியிருப்பாங்க இல்ல?" என்றார். கைக்குக் காரணம் சொந்த அஜாக்கிரதை என்று எழுதினார். நடிப்பு என்ற பழைய வார்த்தை அதற்கு மேலேயே இருந்தது. கட்டுப் பிரிக்கும் நாளில் ஆள் வேலைக்கு வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று செய்தி வந்தது.

அப்போது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்து லைனில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டில் உடம்பைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. இரவல் வாங்கி மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். குரல்வளை என்பது கழுத்தில் ஒரு குருத்தெலும்புப் பெட்டி. அதற்குள் இரண்டு மடிப்புகள், விரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். மூச்சு விடும்போது விலகி நிற்கும். பேச நினைத்தால் ஒன்றையொன்று வந்து தொடும். நெஞ்சிலிருந்து வரும் காற்று அந்த இடுக்கில் நுழைந்து அவற்றை அதிர வைக்கும். அந்த அதிர்வுதான் குரல். நாக்கும் உதடும் அதை வெட்டிச் சொல்லாக்குகின்றன. மடிப்புகள் சேராவிட்டால் குரல் இல்லை. ஆனால் நாக்குக்கு வெறும் காற்று கிடைத்தாலும் போதும், அதையும் வெட்டிச் சொல்லாக்கிவிடும். அதுதான் ரகசியப் பேச்சு. இருமுவதற்கும் முதலில் அந்தக் கதவு மூட வேண்டும், பாரம் தூக்க மூச்சைக் கட்டுவதற்கும் மூட வேண்டும், தண்ணீர் வழி தவறாமல் போகவும் மூட வேண்டும். குடம், பொறை, வெடிக்காத பட்டாசு. அக்கா சொன்னது ஒன்றுவிடாமல் அச்சில் இருந்தது! எனக்குப் பற்றி எரிந்தது. வாத்தியார் வீட்டுப் பரணில் கிடக்கும் விஷயம் ஆஸ்பத்திரியில் இருக்காதா?

ஆட்டுக்கும் இதே அமைப்பு என்று போட்டிருந்தது. கறிக்கடை பாயிடம் போனேன்.

"குரல்வளையா? இன்னாத்துக்குபா? கொழம்புக்கு ருசி தராதே."

"ஒரு ஆளு வாய அடைக்கணும் பாய்."

"அப்டின்னா தலைக்கறி எடுத்துனு போ, நல்லா அடைக்கும்" என்றார். ஆனாலும் நீளக் குழாயோடு சுத்தமாக அறுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை மாமாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றேன். டிரஸ்ஸர் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, கறி விக்கிறியா?" என்றார்.

"இதுக்கு நாக்கு இல்லீங்க, ஒதடு இல்லீங்க. பாருங்க." குழாயின் அடியில் வாயை வைத்து ஊதினேன். ஸ்ஸ்ஸ் என்று காற்று போனது. "இதான் எங்க மாமா." பிறகு இரண்டு விரலால் மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து ஊதினேன். மே என்று குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். வரிசையில் நின்ற குழந்தைகள் ஆடு எங்கே என்று தேடின. "இதான் நீங்க. எல்லாரும் கழுத்துல கை வெச்சி ரகசியம் பேசிப் பாருங்க. அப்புறம் சத்தமா பேசிப் பாருங்க."

ஒரு பொம்பளை முதலில் வைத்தாள். "ஐயே, இன்னாமா அதிருது!" என்றாள். அடுத்தது வரிசை முழுக்கக் கழுத்தில் கை. மாமாவும் இடது கையை வைத்தார். உதடு அசைந்தது. கையை எடுத்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். டிரஸ்ஸரின் கையும் பாதி தூரம் எழுந்தது. அப்புறம் சட்டைப் பித்தானைச் சரி செய்வதுபோல் இறங்கியது.

கூச்சல் கேட்டுத் துரை டாக்டர் வெளியே வந்தார். என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். மாமாவின் கழுத்தில் விரல் வைத்து ஆ சொல்லச் சொன்னார். சீட்டு எழுதினார். ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகவில்லை. இந்த ஒரு பீடி நேரம் அந்த முதல் நாள் கிடைத்திருந்தால் பத்து விரலும் இருந்திருக்கும். அஜாக்கிரதை என்ற வார்த்தையை அடிக்கச் சொன்னேன். "அது வேற விஷயம்" என்று டிரஸ்ஸர் புத்தகத்தை மூடிவிட்டார்.

மாமாவுக்கு மெழுகுவத்தி அறை கிடைத்தது. இடது கையால் எண்ணிக் கொடுப்பார். வீடு தப்பியது. அக்கா எப்போதும்போல எனக்குச் சோறு போட்டாள். மாமாவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரே ஒரு நாள் மெழுகுவத்தி கொடுக்கும் ஜன்னல் வழியாக என் காதைத் தன் வாயருகே இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ போடுன்னது என் குரல் மாதிரியேதான்டா இருந்திச்சி. நானே சொல்லிட்டேனோன்னு ஒரு நிமிசம் பாத்தேன்."

இப்போது எங்கள் கூட்டத்தில் வேறு ஆள் கம்பி பிடிக்கிறான். எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். பிடிக்கிறவன் தன் தொண்டையால் சொல்ல வேண்டும். சளி பிடித்து அடைத்திருந்தால் அன்றைக்குச் சம்மட்டி எழாது. போன மழையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரி வந்தார்.

"இன்னாடா, மூணு பேரும் கல்யாண வூட்டுக்கு வந்தா மாதிரி குந்தினுகீறீங்க?"

"இவனுக்குக் குரல் வரல."

"அதுக்கு? நீ சொல்லேன்டா போடுன்னு. ஒனக்குத்தான் ஊருக்கே கேக்குற தொண்டை இருக்குதே!"

என் தொண்டையில் அந்த இரண்டு மடிப்புகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. சேர்கின்றன, அதிர்கின்றன. "மாட்டேன்" என்றேன். சுரங்கத்தின் அந்த அடுக்கு, அந்த லெவல் முழுக்கக் கேட்டது. சம்மட்டியைத் தரையில் சாய்த்து, அதன்மேல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.