வாசித்துக் கேட்டேன், சரி

போலீஸ் கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. அவர்கள் கதையில் போலீஸ்காரன் ஓடுகிறான், சுவர் ஏறிக் குதிக்கிறான், துப்பாக்கியை நீட்டுகிறான். ஒரு வரிகூட எழுதுவதில்லை. நான் முப்பது வருஷம் காக்கி போட்டவன். ஓடினதையெல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் வரும். மற்ற நேரமெல்லாம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். கேரளத்து ஸ்டேஷன்களில் அதற்கென்றே ஒரு போலீஸ்காரர் உண்டு, ரைட்டர் என்பார்கள். யார் வந்து எதைச் சொன்னாலும் அதை வாக்குமூலமாக்கித் தாளில் இறக்குவது அவர் வேலை. கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் நான் ரைட்டராக இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் இன்னும் மனசு இளகிவிடுகிறது. கம்ப்யூட்டர் எங்கள் மேஜைக்கு வந்திராத காலம். தாளுக்கு நடுவே கார்பன் வைத்து அழுத்தி எழுத வேண்டும், நடுவிரலில் காய்ப்பு விழுந்துவிடும். அது இன்னும் இருக்கிறது, தடவிப் பார்த்துக்கொள்வேன். ஜன்னலைத் திறந்தால் கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை வரும். பத்து மணிக்கு எதிர்க்கடைச் சேட்டன் சாயா கொண்டுவருவார். நான் தலை நிமிராமல் எழுதுவதைப் பார்த்து, "எந்தா ரைட்டரே, உறங்கியோ?" என்று சப் இன்ஸ்பெக்டர் சீண்டுவார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் துப்புத் துலங்காத வழக்கு என்றால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பயப்படுவார்.

எங்கள் எழுத்துக்கு ஒரு பாணி இருந்தது. மீன்காரர் சொன்னாலும் வக்கீல் சொன்னாலும் தாளில் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "நான் மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன்" என்று தொடங்கும். நடுவில் "குற்றவாளியைக் கண்டால் அடையாளம் தெரியும்" என்று வரும். "வாசித்துக் கேட்டேன், சரி" என்று முடியும். அதன் கீழே புகார்தாரர் கையெழுத்து. இந்த மூன்று வரியும் யாரும் சொல்லாமலே என் பேனாவிலிருந்து வந்துவிடும். அதில் எனக்குப் பெருமை வேறு. கால் மணியில் ஒரு வாக்குமூலம் முடிப்பேன். வாசித்துக் காட்டியதா? அதற்கெல்லாம் எங்கே நேரம்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஒரு அம்மாள் வந்தாள். தேனிப் பக்கம் ஊர், நாற்பது வயசிருக்கும். மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்குகிற வேலை. பள்ளுருத்தியில் லைன் வீடு. முதல் பஸ்ஸில் வந்திறங்கி, சந்துக்குள் நடக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். கழுத்தில் கோடாக ரத்தம் கட்டியிருந்தது. நான் தமிழ் பேசியதும் அவள் முகம் தெளிந்தது. எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து கொச்சியில்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம்.

"மூஞ்சிய நான் பாக்கலை சார். முதுகுதான் தெரிஞ்சது. நீலச் சட்டை. அம்புட்டுத்தான்."

காதில் நன்றாக விழுந்தது. விழுந்ததை வைத்துக்கொண்டே மலையாளத்தில் எழுதினேன். நீலச் சட்டையை எழுதினேன், கூடவே "கண்டால் அடையாளம் தெரியும்" என்றும் எழுதினேன். அந்த வரி இல்லாவிட்டால் சப் இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பி எறிவார். அவளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். "நீங்க நம்மாளு, தப்பா எழுதமாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் நீலச் சட்டை போட்ட ஒருத்தன் சந்து வழியே ஓடியதைக் கடைக்காரர் ஒருவர் பார்த்திருந்தார். ஓடினது உண்மைதான், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியிருக்கிறான். கொத்தனார். அவனும் தமிழன், அவனுக்கும் பள்ளுருத்திதான், அவள் இருந்த அதே லைனில் மூன்றாவது வீடு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"ஐயோ, இவன் இல்லை சார். இவன் என் கூடத்தான் பஸ்ல வந்தான், இறங்கினதும் எனக்கு முன்னாலயே ஓடிட்டான். நல்ல பையன் சார்."

சப் இன்ஸ்பெக்டர் தாளைத் தட்டிக் காட்டினார். கண்டால் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் என்றதும் பல்டி அடிக்கிறாயா என்று சத்தம் போட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதைச் சொல்லுங்க சார் என்கிற பார்வை. நான் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிக்கொண்டிருந்தேன். ஒற்றிக்கொண்டே இருந்தேன். சீ, என்ன மனுஷன் நான் என்று இப்போது எழுதும்போதும் தோன்றுகிறது.

கொத்தனாரைப் பதினாலு நாள் ரிமாண்டில் சப் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அது முடியுமுன் கலூர் பஸ் ஸ்டாண்டில் வேறொரு சங்கிலி அறுப்பில் ஒருவன் மாட்டினான். அவனிடம் அவள் தாலியும் இருந்தது. கொத்தனாரை விட்டுவிட்டார்கள். சங்கிலி கிடைத்தது, வழக்கு துலங்கியது, எங்களுக்கு ஆளுக்கொரு பரோட்டாவும் பீஃபும் கிடைத்தது. கதை எழுதுகிறவன் இங்கே முற்றும் போட்டுவிடுவான்.

அவளுக்கு அங்கேதான் தொடங்கியது. கொத்தனாரின் வக்கீல் தாள்களைப் பார்த்து, 'கண்டால் தெரியும் என்று அந்தப் பொம்பளை எழுதிக் கொடுத்திருக்கிறாளே' என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தார். காட்டிக் கொடுத்தவள் அவள்தான் என்று லைன் முழுக்க முடிவு கட்டிவிட்டார்கள். பைப்படியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். சங்கிலியை வாங்க வந்த அன்று இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னாள். நான் "சரியாப் போயிடும்மா" என்றேன்.

ரிட்டயர் ஆனபிறகு எனக்கு நாவல் எழுதும் ஆசை வந்தது. தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம். என் தமிழ் எழுத்து தத்தக்கா பித்தக்கா. என் மனைவி பாலக்காட்டுக்காரி, அவள்தான் திருத்துவாள். நாவலில் ஒரு ரைட்டர் வருகிறார். தமிழ்க்காரி ஒருத்தியின் வாக்குமூலத்தை எழுதி, வரி வரியாக வாசித்துக் காட்டி, அவள் சொன்னபடி திருத்துகிறார். நான்கு பக்கம், நானே எழுதி நானே கண் கலங்கினேன்.

மனைவி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "இது ஆராக்கும் இந்த ரைட்டர்? இத்தனை வருஷத்தில் இப்படி ஒருத்தரை நான் கண்டதே இல்லையே."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்தது, சாப்பிட்டேன். அதன்பிறகு அந்தத் தேனிக்கார அம்மாளைத் தேட ஆரம்பித்தேன். போலீஸ்காரனுக்கு ஆளைத் தேடத் தெரியாதா? நாலே நாளில் தெரிந்துவிட்டது. கும்பளங்கியில் படகுத் துறைக்குப் பக்கத்தில் வடையும் சாயாவும் விற்கிறாள்.

என்னைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். நான் வந்த காரியத்தைச் சொல்லி, நான்கு பக்கத்தையும் வாசித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"இந்தப் பொம்பளை குடுத்து வச்சவ சார்," என்றாள்.

நான் தாள்களை அடுக்கினேன். அவளே தொடர்ந்தாள். "கதை கிடக்கட்டும். எனக்கு ஒரு பேப்பர் எழுதித் தாங்க. நான் என்ன சொன்னேன், நீங்க என்ன எழுதினீங்க. இன்னும் அந்த லைன்ல என் பேரு காட்டிக் குடுத்தவதான்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, பின்புறம் எழுதினேன். கை தானாகவே "நான் மேற்படி விலாசத்தில்" என்று தொடங்கியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். முடித்ததும் பேனாவை மூடப் போனேன்.

"வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். "ஞாபகப் பிசகால்" என்ற இடத்தில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பிசகு எங்க சார் வந்துச்சு? நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சு. விழுந்தும் மாத்தி எழுதினீங்க. அதை எழுதுங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷத்தில் எந்தப் புகார்தாரரும் என் வாக்கியத்தில் கை வைத்ததில்லை. ஆனால் யாருக்கும் நான் வாசித்துக் காட்டவில்லையே, எப்படிக் கை வைப்பார்கள். அந்த வார்த்தையை அடித்தேன். 'அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் மாற்றி எழுதினேன். பிறகு கேட்டபோது வாயைத் திறக்கவில்லை' என்று எழுதினேன். முழுவதையும் மறுபடி வாசித்தேன்.

"சரி," என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

தாளைக் கையில் வாங்காமல் அடுப்பை அணைத்தாள். "கொத்தனாரோட அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது சார். நீங்களே வந்து வாசிங்க."

பள்ளுருத்திக்குப் பஸ் பிடித்தோம். அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால். லைனுக்குள் நுழைந்ததும் பைப்படியில் பேச்சு நின்றது. மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே தாளை வாசித்தேன்.

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை படிங்க," என்றார். படித்தேன். முடித்தபிறகு என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் சுவரோரமாக நின்றவளைப் பார்த்தார்.

"ஏன்டி வெளியவே நிக்கிற. உள்ள வா."

அவள் என் கையிலிருந்து தாளை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.