வெட்டாமல் விட்ட கை

"வெட்டுறதுதான் வெட்டுனீங்க, கையையும் சேத்து வெட்டியிருக்கக் கூடாதா? நான் என்ன அரைகுறையாவா செத்துப் போயிட்டேன்?"

பெரம்பலூர் கடைவீதியில், பட்டப்பகலில், கொழுந்தனின் பாத்திரக்கடை வாசலில் நின்றுகொண்டு பொன்னுத்தாய் கேட்டது இது. பக்கத்தில், அவள் அடுத்த வீட்டுக்காரி நான் நின்றேன். இடையில் புகுந்து சமாதானம் பண்ணினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் பையை வாங்கி வைத்துக்கொண்டேன், இரண்டு கையையும் வீசிப் பேசட்டும் என்று.

விஷயம் இதுதான். கொழுந்தன் சிங்காரவேலு டவுனில் மாடிவீடு கட்டிக் குடிபோனான். கடைக்கு மேலே பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினான். அவன், அவன் பெண்டாட்டி அனுசுயா, மகன், மருமகள், பேத்தி ஆர்த்தி, மாமியார் வீட்டுச் சனம், கடைசியில் அவர்கள் வீட்டு நாய். நாய்க்குக்கூட நெற்றியில் பொட்டு இருந்தது. பொன்னுத்தாய் இல்லை. "புது வூட்டுப் படத்துல தாலி அறுத்தவ மூஞ்சி எதுக்கு?" என்று அனுசுயா சொன்னாளாம். வாலிகண்டபுரம் கோயில் திருவிழாவில் எடுத்த படம் அது. கம்ப்யூட்டர்காரன் பொன்னுத்தாயை வெட்டி எடுத்துவிட்டான். ஆனால் படம் எடுக்கும்போது அவள் கை ஆர்த்தியின் தோள்மேல் இருந்தது. அந்தக் கையை மறந்துவிட்டான்.

ஆள் இல்லை, கை மட்டும். புறங்கையில் பச்சை குத்திய தேள், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு. எங்கள் ஊரில் அந்தத் தேளைத் தெரியாதவர் கிடையாது.

கிரகப்பிரவேசத்துக்கு அவளை, "சாயங்காலமா வாங்க அண்ணி, காலையில கூட்டமா இருக்கும்" என்று கூப்பிட்டிருந்தான். கூட்டம் ஒன்றும் காரணமில்லை, எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அந்த வீட்டுக்கு உடையார்பாளையத்துப் பக்கமிருந்து மருமகளாக வந்தபோது சிங்காரவேலு மூக்கு ஒழுகும் பள்ளிக்கூடத்துப் பையன். தாயில்லாப் பிள்ளை. தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது இவள். இந்தப் பாத்திரக்கடை திறந்த அன்று முதல் விளக்கை ஏற்றியதும் இவள்தான். அன்று கழுத்தில் தாலி இருந்தது, அதனால் கை ராசியான கை. தாலி போனதும் மூஞ்சி ஆகாத மூஞ்சி.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடியது. எல்லோரும் மேலே படத்தைப் பார்த்தார்கள், கீழே அவள் கையைப் பார்த்தார்கள். பக்கத்துப் பூக்கடைக்காரி, "ஆமாடி, அதே தேளு!" என்று சிரித்துவிட்டாள். சிங்காரவேலுவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஓசி பஸ்ஸுல ஏறி வந்து நடுவீதியில என் மானத்த வாங்குறீங்களே அண்ணி," என்றான்.

அந்த 'ஓசி'தான் அவனுக்கு வினை. பொன்னுத்தாய் சத்தத்தை நிறுத்தினாள். முந்தானையை உதறிச் செருகினாள்.

"ஓசியா? சரிங்க தம்பி. இனிமே தெனமும் வரேன்."

அவன் அன்று மாலையே ஃப்ளெக்ஸை அவிழ்த்துக் கடைக்குப் பின்னால் வீசிவிட்டான். முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் நாங்கள் இருவரும் போய் இறங்கினோம். சிங்காரவேலு கடைக்கு நேர் எதிரே இளையபெருமாள் காபிக்கடை. கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு, மேலே வெயிலுக்கு மறைப்பாக ஒரு ஃப்ளெக்ஸ். நிமிர்ந்து பார்த்தால் நாய் எங்களைப் பார்த்தது.

"பின்பக்கம் கெடந்துச்சு, எடுத்துக் கட்டிட்டேன். புதுசு, கிழியவே இல்ல," என்றான் இளையபெருமாள்.

பொன்னுத்தாய் கொஞ்ச நேரம் அண்ணாந்தே பார்த்தாள். பிறகு, "ஏன் தம்பி, படத்த உள்பக்கமா வச்சுக் கட்டியிருக்க? திருப்பி, அந்தக் கடைக்கு எதுக்கத் தொங்க விடேன். வெயிலும் நேரா அடிக்காது," என்றாள்.

அவனும் திருப்பிக் கட்டினான். அன்றிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால் சிங்காரவேலுவுக்குத் தெரிவது அவன் குடும்பமும், பேத்தி தோள்மேல் அந்தக் கையும். படத்துக்குக் கீழே பெஞ்சில் அந்தக் கைக்காரி, அதே கையில் காபி டம்ளரோடு.

காபியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். அவள் புருஷன் வாரம் தவறாமல் டவுனுக்குப் போய்த் தின்று குடித்துவிட்டு, சாம்பார் வாசனை அடிக்கும் துண்டோடு வருவான். "டவுன்ல பொம்பளைக்கு என்ன வேலை?" என்பான். என் வீட்டுக்காரனும் அதே ரகம்தான், செத்ததனால் நல்லவனாகிவிட மாட்டான். இளையபெருமாள் டிகாஷனைத் தாராளமாக ஊற்றி, பாலைத் தூக்கி ஆற்றினால் நுரை விளிம்புக்குமேல் நிற்கும். முதல் வாய் குடித்துவிட்டு பொன்னுத்தாய் சொன்னாள்: "இத்தன வருசமா இதத்தான் ஒளிச்சு வச்சிருந்தானுவளா, திருட்டுப் பயலுவ!"

ஒரு காபி, சாம்பாரில் ஊறிய வடை, அப்புறம் ஊர் சுற்றல். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கொய்யாப்பழம் மிளகாய்த்தூள் போட்டு வாங்குவோம். சேலைக்கடையில் வாங்காமலே பத்துச் சேலையைப் பிரித்துப் பார்ப்போம். மழை வந்தால் எந்தக் கடையின் தகரத்துக்குக் கீழாவது நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசுவோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதுவரை இருந்ததில்லை.

ஆனால் அந்தக் கை அவளை விடவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பாள். பள்ளிக்கூடச் சுவரில் நாற்று நடும் பொம்பளையை எழுதியிருந்தார்கள். "இவளுக்கு ஆறு வெரலு, அக்கா" என்றாள். எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். பெருமாள் கோயிலில் ஒரு தூணில் ஒரு பொம்பளைச் சிலை, முகம் அத்தனை அழகு, கை இரண்டும் உடைந்து கிடந்தது. பொன்னுத்தாய் அதன் எதிரே ரொம்ப நேரம் நின்றாள்.

"இவளுக்கு மூஞ்சி இருக்கு, கை இல்ல. எனக்குக் கை இருக்கு, மூஞ்சி இல்ல. ரெண்டு பேரையும் ஒட்டுனா ஒரு முழுப் பொம்பள தேறும்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போதும்டி, வுட்டுத்தொலையேன்," என்றேன்.

"அந்த வூட்டு மூத்த மருமவ நான். அத அவன் வாயால சொல்லணும், இல்ல அவன் கையால எழுதணும். அதுவரைக்கும் எனக்கு காபி அந்தப் பெஞ்சுலதான்."

கடைவீதியில் பேச்சு பரவிவிட்டது. சீர்ப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் எதிர்ப்புறம் பார்த்துவிட்டு, "அந்தக் கை யாருதுங்க?" என்று சிங்காரவேலுவிடமே கேட்டார்கள். அவன் 'தூரத்துச் சொந்தம்' என்று சொன்னானாம். அதையும் பூக்கடைக்காரி வந்து எங்களிடம் சொன்னாள். பொன்னுத்தாய் அன்று இரண்டாவது காபி சொன்னாள்.

கடைசியில் அவனே ரோட்டைத் தாண்டி வந்தான். கையில் ஸ்வீட் டப்பா.

"அண்ணி, தப்புதான். ஆர்த்திக்குக் காது குத்து வருது. புது ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன், உங்க படத்த பெருசா போடுறேன். இத எறக்கச் சொல்லுங்க."

"ஃப்ளெக்ஸு ஒரு மழைக்கு வெளுத்துரும். அது வேணாம். நீங்கதான் பாத்திரத்துல பேர் வெட்டிக் குடுப்பீங்கல்ல? எனக்கு ஒரு டம்ளர் டபரா வேணும். படத்துலேருந்து என்னை வெட்டுனீங்க, இப்ப எவர்சில்வர்ல என் பேர வெட்டுங்க. உங்க கையால."

கடையில் கூட்டம். பேர் வெட்டுகிற ஆளை எழுப்பிவிட்டு சிங்காரவேலு மெஷின் முன்னால் உட்கார்ந்தான்.

"பொன்னுத்தாய்னு போட்டாப் போதும்ல அண்ணி?"

"போதாது. சிங்காரவேலு அண்ணின்னும் வெட்டுங்க. கொட்ட எழுத்துல."

மெஷின் வண்டு மாதிரி ரீங்கரித்தது. எழுத்து கொஞ்சம் கோணியது. கல்லாவுக்குப் பின்னால் அனுசுயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டி முடித்ததும் பொன்னுத்தாய் டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. மகளுக்குச் சீர் வாங்க வந்திருந்த ஒரு அம்மாளிடம் நீட்டினாள்.

"நீங்க படிச்சவங்களாட்டம் இருக்கீங்க. சத்தமா படிங்கம்மா. எனக்குக் காது மந்தம்."

அவளுக்குக் காது பாம்புக் காது. அந்த அம்மாள் கடை முழுக்கக் கேட்கும்படி படித்தாள்: "பொன்னுத்தாய், சிங்காரவேலு அண்ணி."

"ஓ, நீங்கதான் அந்தக் கையா!" என்றாள் படித்து முடித்துவிட்டு. "கடைக்காரர் பொண்டாட்டியோட அக்காளோ, தூரத்துச் சொந்தமோன்னு நெனச்சேன்."

"தூரமும் இல்ல, அக்காளும் இல்ல. இவரோட கூடப் பொறந்த அண்ணன் பொஞ்சாதி. அப்படித்தானே தம்பி?"

"ஆமாங்க," என்றான் சிங்காரவேலு. "எங்க மூத்த அண்ணி."

பொன்னுத்தாய் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள்.

"காசெல்லாம் வேணாம் அண்ணி," என்று பதறினான்.

"ஓசியில வாங்குனான்னு நாளைக்குச் சொல்லுவீங்க. எழுத்துக்கு எவ்வளவுன்னு எண்ணிச் சொல்லுங்க."

எல்லோர் முன்னாலும் விரல் வைத்து எண்ணினான்.

"அந்தப் படத்த எறக்கிருவீங்கல்ல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கோடை போவட்டும் தம்பி. இளையபெருமாளுக்கு வெயிலு அடிக்குது."

டம்ளரைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். இப்போது அது இளையபெருமாள் கடைத் தட்டில்தான் இருக்கிறது, பேர் எதிர்க்கடைக்குத் தெரிகிற மாதிரி. அவளைத் தவிர யாருக்கும் அதில் காபி கிடையாது, எனக்கும்கூட.

டம்ளரும் டபராவும் நூற்று எண்பது. பேர் வெட்டிய கூலி, எழுத்துக்கு இரண்டு வீதம், முப்பது. ஆக மொத்தம் இருநூற்றுப் பத்து ரூபாய்.