சேவைக்குப் போன இடத்தில் விழுந்த அடி

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்தும் கத்தோலிக்கப் பள்ளி. பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு மாணவியும் எங்காவது போய் சமூக சேவை செய்தாக வேண்டும். செய்யாதவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று தலைமை ஆசிரியையான மதர் மைக்கில் சொல்லுவார். முந்திக்கொண்டவர்கள் குழந்தைகள் இல்லத்தையும் நாய்கள் காப்பகத்தையும் பிடித்துக்கொண்டார்கள். நான் ஜோகுபாளையத்து எலக்ட்ரீஷியன் மகள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம்; இரண்டும் ஒன்றுபோல வரும். அதனால் என்னை ஆனேக்கல் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை காலையில் பள்ளி வேன் கொண்டுபோய் விடும்.

சக்கர நாற்காலி தள்ளுவதும், எக்ஸ்ரேவுக்கு வழி காட்டுவதும்தான் என் வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் வடநாட்டுப் பெண். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. வருகிற கூலிக்காரர்களில் பாதிப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள். "எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேள்", "கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேள்" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் கேட்டுச் சொல்வேன். கொஞ்ச நாளில் அவர் என்னை வேறு எங்கும் விடவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. பள்ளியில் யாரும் என் தமிழை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு சரக்கு ஆட்டோ வாசல் படியில் மோதி நின்றது. பின்னால் செம்மண் மூடிய ஓர் ஆள் கிடந்தான். கட்டிடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவன். கூட வந்தவர்கள் எல்லாரும் அதே வேலையில் இருந்தவர்கள். அவன் அண்ணன் காலைப் பிடித்துத் தூக்கினான். அவன் பெண்டாட்டி கையாலேயே மண்ணைப் பறித்திருக்கிறாள். அவள் விரல் நுனியெல்லாம் கிழிந்து, மண்ணும் ரத்தமும் ஒன்றாகக் காய்ந்திருந்தது. கொஞ்சம் பின்னால் மேஸ்திரி பைக்கில் வந்து இறங்கினார். அவர் சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை.

டாக்டர் அவன் நெஞ்சை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் வாயிலிருந்து சேறு வழிந்தது. நர்ஸாக இருந்த மலையாளத்து சிஸ்டர் குழாய் வைத்து அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தார். இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். கடைசியில் டாக்டர் கையை எடுத்துவிட்டு மானிட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கொண்டு வரும்போதே இறந்துவிட்டார் என்று சொல்," என்றார்.

"இவளே ஒரு குழந்தை, டாக்டர், இவளையா சொல்லச் சொல்கிறீர்கள்?" என்றார் சிஸ்டர். ஆனால் அதற்குள் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கத் தொடங்கியிருந்தான். "இன்னாம்மா சொல்றாங்க? சொல்லும்மா, இன்னா சொல்றாங்க?"

நான் சொன்னேன். "அண்ணா, கொண்டாரும்போதே உயிர் இல்லையாம்."

அவன் என்னையே பார்த்தான். "பொய் சொல்ற. வண்டியில தண்ணி கேட்டான். என்கிட்ட தண்ணி கேட்டாண்டி!"

அறை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. தரையில் கிடந்தேன், இடது காதுக்குள் ஒரே விசில். அப்பா என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை. வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் அடி அது.

அதற்கப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தது. யாரோ ஒருவன் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி மானிட்டரை அடித்தான். கண்ணாடி அலமாரி கவிழ்ந்தது. மருந்து பாட்டில்கள் தரையெங்கும் உடைந்து ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. செக்யூரிட்டி தாத்தா ஒருவர் குறுக்கே வந்தார். அவர் தடியையே பறித்து அவரை அடித்தார்கள். ஒருவன் டாக்டரின் முடியைக் கையில் சுற்றி இழுத்து, அவர் முகத்தைக் கட்டில் கம்பியில் இடித்தான். அந்தச் சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம் போல இருந்தது. சிஸ்டர் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஸ்பேனரை எடுத்து, இழுத்தவனின் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டார். பிடி விட்டது. "மோளே, உள்ளே போ! உள்ளே!" என்று எங்கள் இருவரையும் கட்டுப் போடும் அறைக்குள் தள்ளி, தானும் வந்து தாழ்ப்பாள் போட்டார்.

கதவை உதைத்தார்கள். ஒவ்வோர் உதைக்கும் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. சிஸ்டரும் நானும் முதுகைக் கொடுத்துக் கதவைத் தாங்கினோம். டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். கீழுதடு பிளந்து ரத்தம் வெள்ளைக் கோட்டில் சொட்டியது.

"என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

அந்த நேரத்திலும் நான் மொழிபெயர்த்தேன். "கதவை உடைக்கச் சொல்கிறார்கள். உங்களை வெளியே இழுத்து வரச் சொல்கிறார்கள். கொளுத்தச் சொல்கிறார்கள்." வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

திடீரென்று ஒரு பெண் குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது. அவன் பெண்டாட்டி.

"டாக்டர ஏண்டா அடிக்கிறீங்க? இவன அடிங்கடா! மேல எடுத்துப் போட்டப்ப மூச்சு இருந்திச்சு. போலீஸ் கேஸாயிடும், ஆம்புலன்ஸ் வேணாம், எங்க வண்டி வரட்டும்னு வெயில்ல படுக்க வெச்சவன் இவன்! நான் இவன் கால்ல வுழுந்தேன். கால்ல வுழுந்தேண்டா!"

கதவில் உதை நின்றது.

"இப்போது என்ன?" என்றார் டாக்டர். நான் திரும்பி வலது காதைக் கதவில் வைத்தேன். வெளியே மேஸ்திரி, "முதலாளி சொன்னாருப்பா, நான் இன்னா பண்ணட்டும்," என்று கெஞ்சுவது கேட்டது. பிறகு அவர் அலறுவது கேட்டது. சற்று முன் எங்களைத் தேடிய அதே கைகள் அவர்மேல் விழுந்துகொண்டிருந்தன. கேட்கக் கேட்க எனக்குப் பயம் போய், உடம்பில் ஒரு சூடு ஏறியது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அடி நிற்கவே கூடாது என்று நினைத்தேன். பக்கத்தில் சிஸ்டர் ஜெபமாலையைப் பிடித்தபடி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்த பிறகுதான் கதவைத் திறந்தோம். அண்ணனையும் நான்கைந்து பேரையும் வேனில் ஏற்றினார்கள். மேஸ்திரி அதே தரையில், உடைந்த பாட்டில்கள் நடுவே கிடந்தார். ஒரு கண் மூடிக்கிடந்தது. முன்கை நடுவில் மடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் வேறு டாக்டர் வருவதற்கு நேரமாகும் என்றார்கள். நம் டாக்டர் உதட்டில் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கையுறை மாட்டினார். மேஸ்திரியின் தலையில் தையல் போட உட்கார்ந்தார். முதலில் காயத்தைச் சுற்றி மரப்பு ஊசி போட்டார்.

"மரத்துப் போயிருக்கிறதா என்று கேள்."

"மரத்துப் போச்சான்னு கேக்குறாங்க," என்றேன்.

மேஸ்திரி ஆமாம் என்று தலையசைத்தார். இறந்தவனின் உடல் வெள்ளைத் துணி மூடி அடுத்த கட்டிலிலேயே கிடந்தது. அவன் பெண்டாட்டி அதன் காலடியில் உட்கார்ந்து, தையல் போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா என் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தாள். "சேவையாம் சேவை! எவன் வீட்டுச் சாவுக்கோ என் பொண்ணு அடி வாங்கணுமா?" என்று கத்தினாள். காது ஜவ்வு கிழிந்திருப்பதாக மறுநாள் காது டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து இடது பக்கம் யார் பேசினாலும் எனக்குப் பாதிதான் கேட்கும்.

அடித்த ஆளை அடையாளம் காட்ட அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். இறந்தவனின் அண்ணன் அரை டிராயரோடு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அங்கே அவனுக்கு விழுந்த அடியில் முகம் வீங்கி, ஆளே மாறியிருந்தான். எஸ்.ஐ. கேட்பதற்கு முன்பே, "நான்தாம்மா அடிச்சேன்," என்றான்.

ஆமாம் என்றேன். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் மேஸ்திரி வெயிலில் போட்டு வைத்ததையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன்.

"அதெல்லாம் பேடம்மா, வேண்டாம்," என்றார் அவர். "நீ பாத்தியா? பாக்கல இல்ல? உன்ன அடிச்சத மட்டும் சொல்லு."

"கேட்டேன் சார். அந்தம்மா சொன்னத நானும் சிஸ்டரும் கேட்டோம்."

"கேட்டதெல்லாம் சாட்சி ஆகாது, மரி." கன்னடத்தில் சிறு பிள்ளையைக் கொஞ்சுகிற அந்தச் சொல்லோடு பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டான். நான் அவனுக்கு வலது பக்கத்தைத் திருப்பினேன்.

"அன்னிக்கி டாக்டரம்மா நெஜமாவே அப்படித்தான் சொன்னாங்களா? வண்டியில தண்ணி கேட்டாம்மா. நான்தான், ஆஸ்பத்திரி வந்திடுச்சு, அங்க போய் குடிக்கலாம்னு சொன்னேன்."

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நின்றேன்.

"வண்டியில உயிர் இருந்திருக்கும்ணா. வழியிலதான் போயிருக்கு. வாசலுக்கு வந்தப்ப இல்ல. அதத்தான் அவங்க சொன்னாங்க. தண்ணி குடுத்திருந்தாலும் உயிர் நின்னிருக்காது."

கடைசி வாக்கியம் டாக்டர் சொன்னதில்லை, நானாகச் சேர்த்தது. அவன் நெற்றியைச் சுவரில் முட்டினான். ஒரு தடவை அல்ல, கான்ஸ்டபிள் வந்து தலைமுடியைப் பிடித்து நிறுத்தும் வரை.

மேஸ்திரி சொன்ன அந்த முதலாளிமேல் கேஸ் வரவில்லை. அண்ணன் சில மாதம் ஜெயிலில் இருந்ததாக சிஸ்டர் சொல்லித் தெரிந்தது. டாக்டர் உதட்டுத் தழும்போடு சொந்த ஊருக்கே போய்விட்டார். பள்ளி அந்த ஆஸ்பத்திரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மீதிச் சேவைக்கு மதர் என்னைப் பள்ளித் தோட்டத்துப் பூந்தொட்டிகளுக்குக் காவி அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஹால் டிக்கெட் வந்தது.