கம்ப்ரஸர் பெடலில் கேட்ட மூச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கடவுளுக்குப் பயந்தவன் நான். இதில் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். மெதுவாக மீட்டினால் யாருக்கும் கேட்காது. அழுத்தினால் காதைக் கிழிக்கும். சவுண்டுக்காரர் இரக்கப்பட்டு ஒரு கம்ப்ரஸர் பெடலை இரவல் கொடுத்தார்.

"பெரிய சத்தத்தை அமுக்கும், சின்னதைத் தூக்கி விடும். வீட்டுல பழகிட்டு வாங்கண்ணே."

அன்று மாலை வீட்டில் நானும் மச்சானும்தான். என் மனைவியின் தம்பி. வேலை தேடி வந்தவன், எங்களை விட்டால் போக்கிடம் இல்லாதவன். ஆனால் சரியான குறும்பன். "இன்னொரு தடவை விளையாடினா பெட்டியைக் கட்டிடு" என்று முந்தின வாரம்தான் எச்சரித்திருந்தேன்.

அறைக் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டி, பெடலை மிதித்தேன். தந்திகளைச் சேர்த்து மீட்டி ஒரு கார்டு. அது தேய்ந்து அடங்கும்போது...

மூச்சு.

என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

கதவைத் திறந்தேன். மச்சான் கூடத்தில் சட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"பெடலை நோண்டினியாடா?"

"அது பெடலா மாமா? எடை பாக்குற மெஷின்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து ஒரு பாட்டைத் தொடங்கினேன். பாதி வரியில் நிறுத்தினேன். மீதி வரியை யாரோ வாய் திறக்காமல் முனகி முடித்தார்கள்.

"போதும்டா. கிளம்பு."

அவன் முகம் சுருங்கியது. "நான் ஒண்ணும் பண்ணல மாமா... அக்காகிட்ட என்ன சொல்றது?" வாசல் கதவைத் திறந்து விட்டேன். பையோடு படியிறங்கினான்.

ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில், பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தபடியே ஹெட்ஃபோனை மாட்டி ஒரு கார்டு போட்டேன்.

தேய்ந்தது...

முனகல்.

பெடலை அணைத்தேன். முனகல் போகவில்லை. சன்னமானது. அவ்வளவுதான்.

பெடல் வருவதற்கு முன்பே அது இருந்திருக்கிறது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "வாடா வீட்டுக்கு. தப்பு என்மேல." வந்ததும் அவனே தேநீர் போட்டுக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெடலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ரூமுக்குள்ள யாராவது பாடினா இதுல கேக்குமா?"

சவுண்டுக்காரர் சிரித்தார். "உங்க கிட்டார்ல மைக்கே கிடையாதுண்ணே. உள்ள ஒட்டியிருக்கிற பிக்கப் மரத்தோட அதிர்வைத்தான் எடுக்கும். வெளியில பாடுறது அதுல தெளிவா விழாது."

"தெளிவா விழணும்னா?"

"மரத்துல வாயை வச்சுப் பாடணும்."

கிட்டார் அப்போது என் மடியில் இருந்தது.