அம்மா தனியாக இருந்த வீடு

பங்கஜாக்ஷி சேச்சிக்குப் பிடிக்காத புத்தகம் எங்கள் ஊரில் அப்புறம் எழுந்து நடமாடாது. அந்த அதிகாரத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, காரணம் நான்தான். கேரளத்தில் பட்டாம்பிக்குக் கிழக்கே, ஆற்றோரத்தில் இருக்கும் உதயம் வாசகசாலையிலிருந்து வீடு வீடாகப் பெண்களுக்குப் புத்தகம் கொண்டுபோவது என் வேலை. புத்தகத்தைத் தோளில் சுமப்பேன். சேச்சியின் அபிப்பிராயத்தை வாயில் சுமப்பேன். எதற்கு எடை அதிகம் என்று கேட்டால், நாவில் சுமப்பதற்குத்தான்.

செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வீட்டுக் கேட்டில் போய் நிற்பேன். முடித்த புத்தகத்தை நீட்டும்போதே தீர்ப்பும் வந்துவிடும்.

“இந்த நாவல்ல பக்கத்துக்குப் பக்கம் மழை. படிச்ச எனக்குத்தான் சளி பிடிச்சுது. கதை எங்கயோ ஒதுங்கி நிக்குது போல, கண்ணுல படவே இல்ல.”

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியின் தன்வரலாற்றுக்கு இப்படி: “முந்நூறு பக்கத்துல மனுஷன் ஒரு தடவைகூடத் தப்பு பண்ணல. இவர் எதுக்குப் புத்தகம் எழுதணும்? படத்தை மாட்டி விளக்கேத்திட்டாப் போதுமே!”

குவைத்தில் நர்ஸாக இருந்த ஒருத்தி எழுதியதை மட்டும் திருப்பித் தர மனம் வரவில்லை. “இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்டீ. ஒருத்திக்கு மட்டும் எவ்வளவு அரிசி போடணும்னு தெரியாம தினம் தினம் மிச்சம் வைப்பாளாம். தெரிஞ்சவ எழுதியிருக்கா.”

சேச்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால் சங்கத்தில் வேலை பார்த்தவள், அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டாள். ஒன்பது வருஷம் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள், குளிப்பாட்டினாள், ஊட்டினாள். அம்மா போனபிறகு பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறாள். துணி கொண்டுவருகிறவர்கள் அளவு பிளவுஸைக் கேட்டுக்கு மேலாலேயே நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவளோடு நின்று நாலு வார்த்தை பேசுகிற ஆள் நான் ஒருத்திதான். எனக்கும் பை நிறையப் பாக்கி வீடுகள் இருக்கும்.

அவளுடைய அண்ணன் சங்கரன்குட்டி ஏட்டன் நாக்பூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, திருச்சூரில் வீடு கட்டிக்கொண்டவர். எங்கள் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். ஒன்று கோயில் கமிட்டி, இல்லாவிட்டால் தன்வரலாறு. ஏட்டன் தன்வரலாறு எழுதினார். வாசகசாலைக்கு இரண்டு பிரதி வந்தது. கூடப்பிறந்தவள் முதலில் படிக்கட்டுமே என்று நேராகச் சேச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் வாசகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தக விவாதத்தில் மேடையில் இருக்கும் பெரிய ஆட்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் புத்தகத்தை முதலில் எடுத்துப் படித்தவர் எழுந்து பேச வேண்டும். ஆக, ஏட்டனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு முதலில் பேச வேண்டியவள் சேச்சி என்றாகிவிட்டது.

அடுத்த செவ்வாய், “முடிச்சாச்சா சேச்சி?” என்றேன்.

“எடீ ரமணி, இதுல நடுவுல கொஞ்சம் பக்கம் விட்டுப்போயிருக்குன்னு நினைக்கிறேன். பைண்டிங் பண்றவன் முழுங்கியிருப்பான். அந்த இன்னொரு பிரதியைக் கொண்டா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் இரண்டையும் சேர்த்துத் திருப்பி நீட்டினாள்.

“ரெண்டும் ஒண்ணுதான். நான் அதுல இல்ல.”

“இல்லைன்னா?”

“அம்மா இருக்கா. எங்க பசு இருக்கு, பேரோட. கிணத்தடிப் பலா மரம் இருக்கு. நான் இல்ல. ‘அம்மா கடைசிவரை அந்த வீட்டில் தனியாகவே வாழ்ந்தாள்’னு எழுதியிருக்கார்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “ஞாயித்துக்கிழமை விவாதத்துல எல்லார் முன்னாலயும் கிழிச்சுத் தொங்கவிடுங்க!”

“மோசமான புத்தகம்னா கிழிச்சிருப்பேன். முதல் தடவை என்னைத் தேடிப் படிச்சேன். ரெண்டாவது தடவையும் தேடித்தான். மூணாவது தடவை புத்தகமாப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கார்டீ. அதுதான் தாங்கல.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசகசாலைத் தலைவர் மொய்து மாஷ் வேறு என்னைப் பிடித்துக்கொண்டார். “சேச்சி நாக்கு நமக்குத் தெரியாததா? சொந்த அண்ணன். பார்த்துப் பேசச் சொல்லு ரமணி.” அவளுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது இரண்டே இரண்டு. ஓணத்துக்கு வருகிற அண்ணன் ஒன்று, ஊர் நம்புகிற அபிப்பிராயம் மற்றொன்று. இரண்டில் எதை விடப்போகிறாள் என்று எனக்கு ஒரே பதைப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கஞ்சி போட்ட செட்டு முண்டு உடுத்தி வந்தாள். அவள் வாசகசாலைப் படியேறி நான் பார்த்ததே இல்லை. பால் விடாத கட்டன் சாயா கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. ஏட்டன் முன்வரிசையில் பட்டு ஜிப்பாவோடு உட்கார்ந்திருந்தார். மாஷ் பெயரைச் சொன்னதும் எழுந்தாள்.

“நல்ல புத்தகம். எல்லாரும் படிக்கணும். முதல் சம்பளத்துல அம்மாவுக்குக் கம்பளி வாங்கிக்கிட்டு ரயில்ல வர்ற இடம் இருக்கே, அதை எழுத எல்லாராலயும் முடியாது. ஒரே ஒரு தப்பு இருக்கு. அம்மா தனியா வாழ்ந்தாள்னு இருக்கு. அம்மா ஒரு நாள்கூடத் தனியா இருந்ததில்ல. எப்பக் கூப்பிட்டாலும் ‘என்னம்மா’ன்னு ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருந்தது. அந்த வீடு தனியானது அம்மா போனதுக்கு அப்புறம்தான்.”

உட்கார்ந்துவிட்டாள். ஏட்டன் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

“பங்கஜம், நீ வீட்டுல இருந்தது ஊருக்கே தெரியுமே. அதை எழுதணுமா?”

“ஊருக்குத் தெரியும் ஏட்டா. புத்தகத்துக்குத் தெரியலையே.”

அந்த ஓணத்துக்கு ஏட்டன் வரவில்லை. சேச்சி நல்ல புத்தகம் என்று சொன்னதால் இரண்டு பிரதிகளும் வாசகசாலையில் தங்கவே இல்லை, வீடு வீடாகச் சுற்றின. திருப்பித் தரும்போது பெண்கள் ஒருத்தி விடாமல் சொன்னார்கள், அந்த வரி வரும்போது சேச்சியையும் சேர்த்துத்தான் படித்தோம் என்று. அவர்களில் பாத்திமா என்பவள் அழுதேவிட்டாள். இதைக் கேட்டால் சேச்சி குளிர்ந்துபோவாள் என்று ஓடோடிப் போய்க் கேட்டில் நின்று சொன்னேன்.

“எல்லாருமா?” என்றாள்.

“எல்லாரும்தான் சேச்சி.”

புதுப் புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவிக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள்.

“அவங்க எல்லாரும் தினம் இந்த வழியாத்தானேடீ போறாங்க.”

கேட்டைத் திறந்து உள்ளே போனேன். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மற்ற வீடுகளுக்கு அன்று புத்தகம் போகவில்லை.